640 பவுண்ட் போய்விட்டது: பாவித்த டிரைசூட் வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

குளிர் நீரில் நடுங்காமல் முக்குளிப்பது எப்படி என்று விரிவாக எழுதித் தருவதாக நண்பர்கள் சிலரிடம் சொல்லியிருந்தேன். அதற்கு இப்போது மனம் வரவில்லை. சனிக்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் முக்குளிக்கக் கற்றது திருகோணமலையில், நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில். அங்கே தண்ணீர் 28 டிகிரி. மெல்லிய உடை ஒன்றே போதும். இங்கிலாந்துக்கு வந்தபின் லெஸ்டர்ஷையரில் உள்ள ஸ்டோனி கோவ் என்னும் பழைய கருங்கல் குவாரிதான் எனக்குக் கடல். பெப்ரவரியில் அந்தத் தண்ணீர் 5 டிகிரி. தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை எடுத்துவிடும். வெட்சூட் என்னும், தண்ணீர் உள்ளே புகும் முக்குளிப்பு உடையின் ரப்பரோ ஆழம் போகப்போக நசுங்கி மெலிகிறது. ஆகவே தண்ணீரே உள்ளே புகாத டிரைசூட் வேண்டும். நல்லதொன்று புதிதாக வாங்க ஆயிரம் பவுண்டைத் தாண்டும். எட்டு மாதம் சனி ஞாயிறு கூடுதல் வேலை செய்து சேர்த்தது 640 பவுண்ட்.

பாவித்த பொருள்களை வாங்கி விற்கும் இணையத் தளம் ஒன்றில் என் அளவுக்கே ஒரு டிரைசூட் வந்தது. விலை 660. தொலைபேசியில் அழைத்தேன். என் பெயரைச் சொன்னதுமே அந்த ஆள் தமிழில் பேசத் தொடங்கினார். "எந்த ஊர் தம்பி?" என்றார். திருகோணமலை என்றேன். தன் மனைவியின் ஊரும் அதுதான் என்றார். இந்த விளையாட்டில் நம்மவர்கள் மிகவும் குறைவு. முக்கால் மணி நேரம் பேசினோம். கை உறைக்குள் மெல்லிய கம்பளி உறை போட வேண்டும், உடம்போடு ஒட்டிப் பருத்தி உடை அணியவே கூடாது, ஈரமானால் அது சூட்டைக் காக்காது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அத்தனையும் சரியான அறிவுரை. அதனால்தான் நம்பினேன். இரண்டு வருட உடை, இருபது தடவைதான் தண்ணீரில் இறங்கியது, போன மாதம் கசிவுச் சோதனை செய்தேன் என்று வீடியோ ஒன்றையும் அனுப்பினார். பச்சைக் கம்பளத்தின் மேல் உடை காற்றால் உப்பி, ஆள் படுத்திருப்பதுபோல் கிடந்தது. சோப்பு நுரை தெளித்தும் ஓர் இடத்தில்கூடக் குமிழி வரவில்லை.

"தளத்துக்காரனுக்கு எதற்குத் தம்பி வீண் கட்டணம்? நேரே என் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள், 20 பவுண்ட் குறைத்துக்கொள்கிறேன்" என்றார். "சரி அண்ணா" என்று அன்றிரவே 640 பவுண்டையும் போட்டேன்.

பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. கழுத்தைச் சுற்றி இறுக்கும் லேடெக்ஸ் பட்டையில் டால்கம் பவுடர் அப்பியிருந்தது. பாதுகாத்து வைக்கப் பவுடர் போடுவது வழக்கம்தான் என்பதால் துடைத்துப் பார்க்கவில்லை. துடைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை காலை, குவாரியில் 6 மீட்டர் ஆழத்தில் உள்ள திட்டில் இருக்கும்போதே முதுகில் ஒரு கோடு குளிர்ந்தது. வியர்வை என்று நினைத்து மேலும் இறங்கினேன். 20 மீட்டரில் உடைக்குள் காற்று விடவிட, அது தோளுக்குப் பின்னாலிருந்து வெளியேறிக்கொண்டே இருந்தது. கூட வந்த நண்பர் என் பின்புறத்தைக் காட்டிக் கையை ஆட்டினார். ஸிப்பின் ஓரமாகக் குமிழ்கள் சரம்சரமாக மேலே போயினவாம். இந்த வகை டிரைசூட்டின் துணிக்குத் தனியாகச் சூடு கிடையாது. உள்ளே அணியும் கம்பளி உடையும் அதில் தங்கியிருக்கும் காற்றும்தான் சூடு. அது நனைந்தால் எல்லாம் போயிற்று. ஆழத்தில் உடம்பில் சேரும் நைட்ரஜன் மெல்ல வெளியேற, மேலே வரும் வழியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். உடம்பு விறைக்கும்போது கை கால்களில் இரத்த ஓட்டம் குறைந்து, அந்த நைட்ரஜன் வெளியேறுவதும் மந்தமாகும் என்பதால் அதைத் தவிர்க்கவும் பயம். என் விரல்கள் உடையின் காற்றுப் பொத்தானை அழுத்த மறுத்தன. நண்பர்தான் என் காற்றுக் கலனின் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரைப் படியில் ஏறும்போது இரண்டு கால்களிலும் தண்ணீர் நிறைந்து தூக்கவே முடியவில்லை. உள்ளுடையைப் பிழிந்தபோது வாளியில் கால்வாசி நிறைந்தது.

அன்றிரவு அந்த ஆளுக்கு எழுதினேன். "ஸிப்பைக் கடைசிவரை இழுத்தீர்களா தம்பி? புதியவர்கள் செய்யும் தவறு அது" என்று பதில். நண்பர்தான் மூடிச் சரிபார்த்தார் என்றேன். "அப்படியென்றால் நகம் பட்டிருக்கும்." திங்கட்கிழமை இந்த உடைகளைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் ஸிப்பின் மேல் பூசியிருந்த மெழுகைச் சுரண்டினார். அடியில், குளியலறை ஓரங்களுக்குப் பூசும் சிலிக்கன் பசை. கழுத்துப் பட்டையின் பவுடரைத் துடைத்துவிட்டு என் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். உருகிய மிட்டாய்போல் ஒட்டிக்கொண்டு வந்தது. ஸிப்பும் பட்டைகளும் மாற்ற இன்னும் 380 பவுண்ட் ஆகுமாம். வீட்டுக்கு வந்து வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். அதில் உள்ள உடையின் இடது முழங்காலில் சாம்பல் நிற ஒட்டு இருக்கிறது. எனக்கு வந்ததில் இல்லை. வேறு உடை!

படங்களை அனுப்பினேன். "பாவித்த பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது" என்று ஒரே வரி. பிறகு பதிலே இல்லை. பணம் எங்கள் வழியாக வரவில்லை, ஆகவே பொறுப்பில்லை என்றது தளம். அந்தக் கடிதத்தையே மூன்று முறை அனுப்பியிருக்கிறார்கள். பொருள் கைக்கு வந்துவிட்டதால் இது மோசடியில் சேராது, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் உள்ள தகராறு என்றது வங்கி. 640 பவுண்டுக்கு ஒருவர்கூடப் பொறுப்பில்லை.

எழுத நினைத்ததில் மிஞ்சியது இவ்வளவுதான். நேரில் பார்க்காமல் டிரைசூட் வாங்காதீர்கள். கழுத்துப் பட்டையையும் மணிக்கட்டுப் பட்டைகளையும் துடைத்துவிட்டு இழுத்துப் பாருங்கள். ஒட்டினாலோ வெடிப்புத் தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். ஸிப்பை வளைத்து, பல்லுக்குப் பல் பாருங்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் போத்தல்களைச் சொருகிக் காற்றடைத்து, உங்கள் கண்முன்னே சோப்புத் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். தளத்துக்கு வெளியே ஒரு பவுண்ட்கூடப் போடாதீர்கள். புதிதாகக் கைக்கு வந்த உடையோடு முதல் நாளே 20 மீட்டருக்குப் போகாதீர்கள்.

இன்று காலை அதே தளத்தில், வேறு பெயரில், 550 பவுண்டுக்கு ஒரு டிரைசூட் விற்பனைக்கு வந்திருக்கிறது. படத்தில் அதே பச்சைக் கம்பளம். முழங்காலில் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.