எபேன் ஆபீஸ் பின்னால் ஒரு தால்பூரி வண்டி

மொரீசியஸ் எபேன் சைபர் சிட்டியில் டெஸ்டிங் வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கேன்டீன், பர்கர், நூடுல்ஸ் என்று ஒரு சுற்று வந்தாயிற்று. இப்போது மதியத்துக்கு நான் நம்புவது, எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் பைக்கில் கண்ணாடிப் பெட்டி கட்டி தால்பூரி விற்கும் அண்ணனை மட்டும்தான். பெயர்ப் பலகை கிடையாது. வரிசைதான் அடையாளம்.

முதல் நாள் என் முறை வந்ததும் "என் பேர்?" என்று கேட்டார். அட, தமிழ்க்காரர், 'உன் பேர்' என்பதை மாற்றிச் சொல்கிறார் போல என்று நினைத்து "செந்தில்" என்றேன். பின்னால் நின்ற கூட்டமே சிரித்தது. இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் 'என் பேர்' என்றால் ஒரு ஜோடி. தால்பூரியை இங்கே இரண்டிரண்டாகத்தான் கொடுப்பார்கள். அண்ணன் தமிழ் வம்சம்தான், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். ஆனால் அவருக்கு வணக்கம், முருகன் பாட்டு தாண்டித் தமிழ் வராது. அன்றிலிருந்து எனக்கு மட்டும் "செந்தில், என் பேர்?"

நம்ம பருப்புப் போளியில் வெல்லத்தை விட்டுவிட்டு, மஞ்சளும் சீரகமும் சேர்த்து, கைக்குட்டை மாதிரி மெல்லிசாகத் தேய்த்தால் அதுதான் தால்பூரி. மேலே பெரிய பட்டர் பீன்ஸ் கறி, ரூகாய் என்கிற தக்காளித் தொக்கு, கொத்தமல்லிச் சட்னி. தடவி, சுருட்டி, தாளில் மடித்து நீட்ட அரை நிமிடம்கூட ஆகாது. நின்றபடியே சாப்பிட்டுவிடுங்கள். மேஜைக்கு எடுத்துப் போனால் ஓரம் விறைத்துவிடும். கறிச்சாறு வேறு ஒழுகும். என் கீபோர்டில் ஸ்பேஸ் பார் இன்னும் ஒட்டுகிறது.

"பிமான்?" என்பது மிளகாய் வேண்டுமா என்ற கேள்வி. நான் மதுரைக்காரன், காரம் என்ன செய்யும் என்று தாராளமாகப் போடச் சொன்னேன். அன்றைய பிரான்ஸ் மீட்டிங் முழுக்க மியூட்டில் கழிந்தது. கூடவே இருக்கும் காதோ பிமான் நம்ம மசால்வடையின் தம்பி. இரண்டு வாங்கலாம், ஆனால் பெரும்பாலும் ஆறிப்போயிருக்கும்.

குறை என்றால் நேரம்தான். பன்னிரண்டரைக்குப் பெட்டி காலி. பிரான்ஸில் கோடைக்காலம் என்றால் அவர்களுடைய பத்து மணி மீட்டிங் நமக்குச் சரியாகப் பன்னிரண்டு. நல்லவேளை, சென்னை டீம் ஒரு மணிக்குச் சாப்பிடப் போகிறது. இங்கே அப்போது பதினொன்றரை. அந்த அரை மணியில் ஓடிவிடுவேன். அக்டோபர் கடைசியில் பிரான்ஸ்காரர்கள் கடிகாரத்தைத் திருப்பிய பிறகு அந்த மீட்டிங் ஒரு மணிக்குப் போய்விடும். அப்புறம் நிம்மதி.

சில்லறை கொண்டு போங்கள். 100 ரூபாய் நோட்டை நீட்டினால் முகம் சுளிப்பார். "அண்ணே, இதில் இருப்பது ரங்கநாதன் சீனிவாசன், நம்ம ஆள், தமிழ் எழுத்துகூட இருக்கு" என்று எனக்குத் தெரிந்த அரைகுறைக் கிரியோலில் சொல்லிப் பார்த்தேன். சில்லறை பிறக்கவில்லை.

மழை பெய்தால் வர மாட்டார். வானம் கறுத்திருந்தால் காலையிலேயே டப்பாவில் தயிர்சாதம் கட்டிக்கொள்ளுங்கள்.