சித்தியின் ஆபரேஷனும் வயிற்றுக்குள் ஏற்றும் கேஸும்

இந்த முறை மெல்போர்னிலிருந்து மதுரைக்கு வந்தது சித்திக்காக. கர்ப்பப்பை வாயில் புற்று, ஆரம்ப நிலைதான்.

முதலில் போன தனியார் மருத்துவமனையில் எல்லாமே வேகம். கவுன்டரிலேயே பேக்கேஜ் அட்டையைக் கையில் கொடுத்து, "லேப்ராஸ்கோப்பி மேடம், மூணே நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்கள். டாக்டர் எங்களுக்கு ஒதுக்கியது நான்கு நிமிடம். வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்வது, சின்னத் தழும்பு. எனக்கும் அதுவே நல்லதாகப் பட்டது.

அப்புறம் தெரிந்தவர் சொன்னதால் புற்றுநோய் அறுவை மருத்துவர் ஒருவரிடம் போனோம். வயிற்றைக் கீறித் திறந்து செய்கிற ஓப்பன் ஆபரேஷன்தான் செய்ய வேண்டும் என்றார். "இந்தக் காலத்துலயுமா டாக்டர்?" என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஓ.பி. சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வயிற்றை வரைந்தார்.

துளை ஆபரேஷனில் வயிற்றைக் கரியமில வாயுவால் ஊத வைப்பார்கள். தீப்பிடிக்காது, ரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியே போய்விடும், அதனால்தான் அந்த வாயு. அம்மாவுக்குப் பித்தப்பை எடுத்தபோது இரண்டு நாள் தோள் வலித்ததே, அதுவும் உதரவிதானத்தின் அடியில் தங்கும் இந்த வாயுவால்தானாம். அன்றைக்கு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இந்த வாயு பட்ட இடம் கொஞ்சம் அமிலமாகிறது. வயிற்றின் உள்சுவரில் ஓடு வேய்ந்ததுபோல் நெருக்கமாக இருக்கும் செல்கள் உப்பி விலகி, இடைவெளி விழுகிறது. உதிர்ந்த புற்றுச் செல் அங்கே போய் ஒட்டிக்கொள்ள வசதி. இதையெல்லாம் பெரும்பாலும் எலிகளிலும் ஆய்வுக்கூடத்திலும்தான் பார்த்திருக்கிறார்கள் என்பதையும் அவரே சொன்னார்.

ஆனால் 2018-இல் வெளியான ஆய்வு, ஆரம்ப நிலைக் கர்ப்பப்பை வாய்ப் புற்று இருந்த 631 பெண்களை வைத்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுச் செய்தது. நாலரை ஆண்டுக்குப் பிறகு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஓப்பனில் 96.5 சதவீதம், துளை வழியில் 86. காரணம் வாயுவா, கர்ப்பப்பையைப் பிடித்து அசைக்கச் செருகும் கருவியா என்று இன்னும் முடிவாகவில்லை. சந்தேகம் இரண்டின் மேலும் இருக்கிறது. "குடல் புற்றுன்னா நானே துளை வழியாத்தான் செய்வேன். அங்க ரெண்டுக்கும் வித்தியாசம் வரலை. இது வேற உறுப்பு" என்றார்.

அந்த அட்டையில் இதில் ஒரு வரி இல்லையே என்று அன்று இரவு முழுக்க எனக்கு ஆறவில்லை. சித்தியை நினைத்தாலே நடுங்கியது.

ஓப்பன்தான் செய்தார்கள். எட்டு நாள் வார்டில் இருந்தோம். நர்ஸ்கள் ராத்திரி இரண்டு மணிக்கும் முகம் சுளிக்காமல் வந்தார்கள். முதலில் போன மருத்துவமனையிலிருந்து பயாப்ஸி ஸ்லைடுகளை, அதாவது பரிசோதனைக்கு எடுத்த சதை இருக்கும் கண்ணாடித் தகடுகளை, வாங்கத்தான் மூன்று நடை நடந்தேன். கேட்ட அன்றே எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

தையல் பிரித்த அன்று சித்தி தழும்பைத் தடவிப் பார்த்து, "நீளமாத்தான்டி இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். பென்சில் படம் போட்ட அந்தச் சீட்டு அவளுடைய ஃபைலில்தான் இருக்கிறது.