தெஃபில்லின் எழுத்து: பெய்த் யோசெஃபா, அரியா?

தெஃபில்லின் (யூதர்கள் பிரார்த்தனையின்போது கையிலும் தலையிலும் கட்டும், வேத வசனங்கள் எழுதிய தோல் சுருள்கள் உள்ள சிறு பெட்டிகள்) வாங்குவதற்கு முன், உங்கள் அப்பா எந்த எழுத்துப் பாணியில் எழுதியதைக் கட்டினார் என்று கேளுங்கள். பொதுவாக ஹசிதியர் (ஒரு யூத பக்தி இயக்கத்தவர்) அல்லாத அஷ்கெனாசிகளுக்கு (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி வந்த யூதர்களுக்கு) பெய்த் யோசெஃப் பாணி, ஹசிதியர்களில் பலருக்கு அரி பாணி. செஃபார்திகளுக்கு (ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த யூதர்களுக்கு) வெலிஷ் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதை இங்கே விட்டுவிடுவோம்.

வேறுபாடு சட்டென்று தெரிய த்ஸாதி என்ற எபிரேய எழுத்தைப் பாருங்கள்: அதன் வலப்பக்கத்தில் யூத் என்ற சிறிய எழுத்தின் வடிவில் உள்ள பகுதி பெய்த் யோசெஃபில் நேராக இருக்கும், அரியில் திரும்பி நிற்கும். பெய்த் யோசெஃப் என்பது யூதச் சட்ட அறிஞர் யோசெஃப் காரோவின் வழி, அரி என்பது மறைஞானி ஐசக் லூரியாவின் வழி, ஆனால் இருவருமே 16ஆம் நூற்றாண்டில் ஸஃபேத் என்ற ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

குடும்ப வழக்கம் தெரியவில்லையா? சரி, உங்கள் ரப்பியிடம் (யூத மத குருவிடம்) கேளுங்கள். அப்புறம், பாணியைவிட எழுதுபவரின் பக்தியும் கவனமும்தான் எனக்குப் பெரிது, ஏனென்றால் தெஃபில்லினில் உள்ள 3188 எழுத்துகளையும் வரிசைப்படிதான் எழுத வேண்டும், விடுபட்டதைப் பிறகு செருக முடியாது.