அத்தோவா, சௌகார்பேட்டையா, காசிமேடா? நாலு பேர் கூடினால் எங்கே போவது

வட சென்னையில் நண்பர்கள் கூடலாம் என்று முடிவானதும் மூன்று பதில்கள் வரும். ஒருவன் பீச் ஸ்டேஷன் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், என்பான். இன்னொருவன் சௌகார்பேட்டைத் தெருக்கடைகள் என்பான். ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ வீடு இருப்பவன், காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்பான். ருசியை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தப் பேச்சு முடியவே முடியாது, ஆளுக்கொரு நாக்கு. அதனால் ருசியோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கிறேன். அந்த இடத்தில் உட்கார்ந்து பேச எவ்வளவு நேரம் கிடைக்கிறது? வேலை, ஷிஃப்ட், பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் தாண்டி நாலு பேர் ஒரே நாளில் கூடுவதே அபூர்வமாகிவிட்ட ஊர் இது. கூடிய நேரம் வீணாகக் கூடாது.

பெரம்பூர்ப் பக்கம் மால் இருக்கிறதே என்பீர்கள். ஏசி உண்டு, நாற்காலி உண்டு, மழை நாளுக்குச் சரி. அதே சாப்பாடு வேளச்சேரியிலும் கிடைக்கும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் அத்தோ. பர்மாவில் 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறி மதராஸ் வந்து இறங்கினார்கள். பலர் வியாசர்பாடிப் பக்கம் குடியேறினார்கள். அவர்கள் பிழைக்க 1969-ல் பர்மா பஜார் வந்தது. ரங்கூன் சாப்பாடும் அவர்களோடுதான் வந்து சேர்ந்தது. இன்றைக்கும் பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ப்புறம், செகண்ட் லைன் பீச் பக்கம் சாயங்காலமானால் தள்ளுவண்டிகளைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது.

அத்தோ கலக்குவதை ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கைப்பிடி அள்ளிக் கிண்ணத்தில் போடுவார். மேலே மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம். அப்புறம் பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, அவை பொரிந்த எண்ணெயிலேயே ஒரு கரண்டி. புளித்தண்ணீர், உப்பு, இடித்த மிளகாய். "காரம் எப்படிண்ணே?" என்று கேட்டுக்கொண்டே கை மிளகாயிடம் போய்விடும், பதிலைச் சீக்கிரம் சொல்ல வேண்டும். கடைசியில் பேஜோ என்கிற மொறுமொறுப்பான பொரித்த தட்டையை உள்ளங்கையில் வைத்து நொறுக்கித் தூவி, மொத்தத்தையும் கையாலேயே பிசைந்து தட்டில் போடுவார். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். மொய்ங்கா கேட்டால் அந்த சூப்பே நூடுல்ஸின் மேல் ஊற்றப்பட்டு வரும். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயத்தையும் பூண்டையும் அடைத்து, புளித்தண்ணீர் விட்டுத் தருவதையும் விட்டுவிடாதீர்கள். அதைக் கடிக்கக் கூடாது, முழுதாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தின் பெரிய பலம் விலை. சில நூறு ரூபாயில் நாலு பேருக்கும் வயிறு நிறைந்துவிடும். நண்பர்களில் ஒருவன் நன்றாகச் சம்பாதிப்பான், ஒருவனுக்கு வேலை போயிருக்கும். பெரிய ஓட்டலில் பில் வரும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியாது. அத்தோ வண்டியில் அவனும் "இன்னைக்கு நான் குடுக்குறேன்" என்று சொல்லலாம், மனசாரச் சொல்லலாம். இதற்காகவே எனக்கு அந்தக் கடைகள் மேல் தனிப் பிரியம்.

ஆனால் பேச நேரம் கிடைப்பதில்லை. நின்றபடிதான் சாப்பாடு, தட்டு காலியானதும் பின்னால் நிற்பவருக்கு இடம் விட வேண்டும். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். மிச்சப் பேச்சு டீக்கடைக்குப் போகும், அங்கேயும் நின்றுகொண்டேதான். வேலை முடிந்து ரயில் பிடிக்கப் போகிற வழியில் ஒரு கூடல் என்றால் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்க்கிற நண்பனுக்கு இது போதாது.

சௌகார்பேட்டை வேறு கணக்கு. அங்கே ஒரே கடையில் வயிற்றை நிரப்பக் கூடாது. தங்கசாலைத் தெருவில் நடக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தட்டு வாங்கி நாலு பேரும் பகிர வேண்டும். இரண்டு தட்டையான முறுக்குக்கு நடுவே வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம், பச்சைச் சட்னி வைத்து, மேலே சீஸ் துருவிக் கொடுக்கிற முறுக்கு சாண்ட்விச்சை முதலில் வாங்குங்கள். முறுக்கு நமத்துப்போவதற்குள் தின்றுவிட வேண்டும். பிறகு பானிபூரி, ஆலு டிக்கி, காக்கடா ராம்பிரசாத்தில் சூடான ஜிலேபி, பாதாம் பால். காரம் வேண்டுமென்றால் என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் சீனா பாய் கடை. அங்கே இட்லியும் ஊத்தப்பமும்தான், இரண்டும் பொடியிலும் நெய்யிலும் குளித்து வரும். கடை சாயங்காலத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும்.

குழுவில் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இங்கேதான் போக வேண்டும். மற்ற இடங்களில் அவர் சமாளித்துக்கொள்கிற ஆளாகிவிடுவார். இங்கே எல்லாத் தட்டும் அவருக்கும் உரியது. வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களுக்கும் கேட்டால் தனியாகச் செய்து தருகிற கடைகள் உண்டு, ஜைனர்கள் நிறைந்த பகுதியாயிற்றே. வெளியூரிலிருந்து வந்த நண்பரைக் கூட்டிப்போகவும் இதுதான் இடம். ராஜஸ்தானி, குஜராத்திக் குரல்கள் ஒருபுறம் கேட்கும். கொஞ்ச தூரம் நடந்தால் வள்ளலார் வாழ்ந்த ஏழுகிணறு வீராசாமித் தெருவும், அவர் பாடிய கந்தகோட்டம் முருகன் கோயிலும் வந்துவிடும். சாப்பாட்டுக்கு நடுவே காட்ட இவ்வளவு இருக்கிற இடம் ஊரில் அதிகம் இல்லை.

குறை என்றால் நெரிசல்தான். மீன்பாடி வண்டி ஒருபக்கம், ஹாரன் அடிக்கிற ஸ்கூட்டர் ஒருபக்கம். நாலு பேராகக் கிளம்பினால் இரண்டு இரண்டாகப் பிரிந்துதான் நடக்க முடியும். ஒருவன் முக்கியமாக ஏதோ சொல்ல வாயெடுப்பான், அதற்குள் வண்டி வந்து ஒதுங்கச் சொல்லும். விட்ட இடத்துக்குத் திரும்ப வருவதற்குள் ஜிலேபிக் கடை வந்துவிடும். சிரிப்பும் கலாட்டாவும் நிறையக் கிடைக்கும், மனம்விட்டுப் பேசக் கிடைக்காது. வண்டியை எடுத்துப்போக வேண்டாம், நிறுத்த இடமே இருக்காது. மெட்ரோவில் மண்ணடியிலோ உயர் நீதிமன்றத்திலோ இறங்கி நடப்பது நிம்மதி.

என் ஓட்டு காசிமேட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை இருட்டு பிரியும் முன்பே போய்விட வேண்டும். விசைப்படகுகள் வந்து நிற்க, ஏலக் குரல்களும் ஐஸ் உடைக்கிற சத்தமும் கலந்து கேட்கும். தரையெல்லாம் தண்ணீர், செருப்பு வழுக்கும். சங்கரா, பாறை, கடம்பா, நெத்திலி, இறால் என்று கூறு கூறாகப் பரப்பியிருப்பார்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் பளிச்சென்று துருத்தி நிற்க வேண்டும், குழி விழுந்திருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் சதை உடனே எழும்ப வேண்டும்.

"இந்தக் கூறு எவ்ளோக்கா?"

"நானூறு நைனா. காலையில வந்த மீனு, தொட்டுப் பாரு."

"முந்நூறு வச்சிக்கோக்கா."

"முந்நூத்தம்பது குடுத்துட்டு எடுத்துக்கினு போ. பேசாத."

இந்தப் பேச்சில் நாலு பேரும் கலந்துகொள்வோம். பேரம் பேசத் தெரிந்தவன் முன்னால் நிற்பான், மீன் தெரிந்தவன் பின்னாலிருந்து கண்ணைக் காட்டுவான். வாங்கியதை வெட்டி ஆய்ந்து தர அங்கேயே ஆட்கள் உண்டு, கிலோ கணக்கில் கூலி. தலையைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், குழம்புக்கு அதுதான் உயிர்.

பிறகு ஒருவன் வீட்டுக்குப் போய்ச் சமையல். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு, எலுமிச்சைச் சாறு தடவி மீனை அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாக மற்ற இரண்டு இடங்களிலும் எதுவும் இல்லை. ஒருவன் வெங்காயம் உரிப்பான், ஒருவன் புளி கரைப்பான், கை வேலையில் இருப்பதால் முகத்தைப் பார்க்காமலே கஷ்டத்தைச் சொல்ல முடியும். கடன், அப்பாவின் உடம்பு, முறிந்துபோன கல்யாணப் பேச்சு எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். தோசைக்கல்லில் மீன் சிவக்கும்போது ஆளுக்கொரு துண்டு அப்படியே கையில். குழம்பும் சோறும் வருவதற்குள் மதியமாகிவிடும், யாரும் நம்மை எழுந்திருக்கச் சொல்லப்போவதில்லை.

ஒரு நிபந்தனை உண்டு, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த வீட்டு அம்மாவோ மனைவியோ சமைத்துப் பரிமாறிப் பாத்திரமும் கழுவ, நாம் உட்கார்ந்து பேசினால், நம் சந்தோஷத்துக்கு அவர் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டோம் என்று அர்த்தம். மீன் கழுவுவதிலிருந்து சட்டி தேய்ப்பது வரை வந்தவர்கள்தான் செய்ய வேண்டும். வீட்டாருக்கு முதல் தட்டு. அது முடியாத குழு என்றால் மீன் விருந்தே வேண்டாம், அத்தோவுக்குப் போய்விடலாம். துறைமுகத்தைச் சுற்றிப் பொரித்த மீன் கடைகளும் இருக்கின்றன, வீடு கிடைக்காத நாளில் அவையும் கைகொடுக்கும்.

நாள் குறிப்பதற்கு முன் காலண்டரைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகும் கட்டுமரமும் கொண்டுவருகிற சிறிய மீன்கள் கிடைக்கும், அவை புத்தம் புதிதாகவே இருக்கும். பெரிய மீன் என்று வெட்டித் தருவது வெளியிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததாக இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். அந்த மாதங்களில் நெத்திலி, கவளை என்று எளிமையாக முடித்துக்கொள்வது நல்லது. புரட்டாசியில் கூட்டம் குறையும், விலையும் இறங்கும், வஞ்சிரம் வாங்க அதுதான் சமயம். ஆனால் குழுவில் ஒரே ஒருவன் விரதம் இருந்தால்கூட, அந்த மாதம் முழுக்க எல்லோருக்கும் சௌகார்பேட்டைதான்.