ஸ்பிரே டப்பாவில் வரும் டூ கே கிளியர் கோட்: வீட்டில் வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பவர்களுக்கான மதிப்புரை

குறைந்த செலவில் தம் வண்டிக்குத் தாமே பெயிண்ட் அடிக்க முற்படுபவர்களில் பலர், நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதியைச் செலவிட்டுவிட்டு, அதன் மேல் பூச வேண்டிய நிறமற்ற பாதுகாப்புப் பூச்சான கிளியர் கோட்டை மிச்சக் காசில் வாங்குகிறார்கள். இந்தக் கணக்கு தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெயிலையும் மழையையும் பெட்ரோல் துளிகளையும் துடைக்கும் துணியின் உராய்வையும் தாங்குவது மேலே உள்ள கிளியர்தான். மோட்டார் சைக்கிளின் டேங்க், மட்கார்டு, சைடு பேனல் ஆகியவற்றுக்கு, பூச்சை இறுக வைக்கும் ஹார்டனரைத் தன்னுள்ளேயே அடக்கி வரும் டூ கே (இரு கூறு) கிளியர் ஸ்பிரேயைப் பயன்படுத்திய அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

சாதாரண ஸ்பிரே டப்பாவில் வருவது ஒன் கே (ஒரே கூறு) லேக்கர். அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போவதால் அது காய்கிறதே தவிர, வேதிமாற்றம் எதுவும் நிகழ்வதில்லை. ஆகவே காய்ந்த பின்பும் தின்னரோ பெட்ரோலோ பட்டால் மீண்டும் இளகிவிடக்கூடும். டேங்க் மூடியைச் சுற்றி மட்டும் பளபளப்பு மங்கிப் பிசுபிசுத்துக் கிடக்கும் வண்டிகளை நாம் பார்ப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். டூ கே வகையில் ரெசின் எனும் பிசினும், ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் கொண்ட ஹார்டனரும் ஒன்றோடொன்று வினைபுரிந்து வலைப்பின்னலாக இறுகுவதால், முழுமையாக இறுகிய பூச்சைப் பெட்ரோல் எளிதில் கரைப்பதில்லை. விலை சாதாரண டப்பாவைவிடக் கணிசமாகக் கூடுதல். ஆனால் டேங்குக்கு வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டப்பாவின் அடியில் உள்ள ஊசியை அழுத்தியதும் உள்ளே இருக்கும் சிறு குப்பி உடைந்து ஹார்டனர் கலக்கிறது. அதன்பின் குறைந்தது இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும். ஒருமுறை அழுத்திவிட்டால் மீதியைப் பத்திரப்படுத்தி வைக்க வழியில்லை, பெரும்பாலான தயாரிப்புகள் ஒன்றிரண்டு நாட்களில் உள்ளேயே இறுகிவிடும். எனவே பட்டி வைத்துத் தேய்த்து, நிறத்துக்கு அடியில் பூசும் பிரைமரை 400 முதல் 600 வரையிலான எண் கொண்ட வாட்டர் பேப்பரால் சமப்படுத்தி, நிறத்தையும் அடித்து, எல்லாப் பாகங்களும் தயாரான பின்னரே ஊசியைத் தொட வேண்டும். அடியில் இருப்பது என்ன பெயிண்ட் என்பதும் முக்கியம்: முழுமையாக இறுகாத எனாமலின் மேல் இதை அடித்தால், இதன் கரைப்பான் அடிப்பூச்சைச் சுருக்கிவிடும். பிளாஸ்டிக் பேனல்களுக்கு, முதலிலேயே ஒட்டுத்தன்மை தரும் தனிப் பிரைமர் தேவை. மெழுகோ சிலிகானோ இருந்த இடத்தில் கிளியர் விலகிச் சிறு பள்ளங்கள் விழும் என்பதால், கிரீஸ் நீக்கும் திரவத்தால் துடைப்பதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

அடிக்கும்போது இதன் தரம் என்னை உண்மையிலேயே மகிழ்வித்தது. நான் பயன்படுத்திய டப்பாவின் நாசில் விசிறிபோல் அகலமாகத் தெளிப்பதால், 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, முந்தைய வீச்சின் பாதியை மூடும்படி நகர்த்தினால் வரிகள் தெரிவதில்லை. முதலில் மெல்லிய ஒரு பூச்சு, கரைப்பான் வெளியேறப் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி, பிறகு ஈரமாகத் தெரியும்படி இரண்டு பூச்சுகள் என்பதே நல்ல முறை. டேங்கின் வளைவான அடிப்புறத்தில்தான் பெயிண்ட் திரண்டு வழியும். அங்கே கை சற்று வேகமாக நகர வேண்டும். தொடர்ந்து தெளிக்கும்போது டப்பா குளிர்ந்து அழுத்தம் குறைவதால் துளிகள் பெரிதாகி, மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளிபுள்ளியாகிறது. இது தொழில்முறை ஸ்பிரே துப்பாக்கியோடு ஒப்பிடும்போது தெரியும் மெய்யான குறை. ஆயினும் பூச்சு தடிமனாகவும் கடினமாகவும் இருப்பதால், நன்றாக இறுகிய பின் 1500, 2000, 3000 என்ற எண் வரிசையில் வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்த்து, பாலிஷிங் காம்பவுண்ட் போட்டால் கண்ணாடிப் பளபளப்பு வந்துவிடுகிறது. மெல்லிய லேக்கரில் இப்படித் தேய்த்தால் விளிம்புகளில் நிறமே வெளிப்பட்டுவிடும்.

இனி, இந்தப் பொருளைப் பற்றி மிகவும் அழுத்தமாகச் சொல்ல வேண்டிய செய்தி. ஐசோசயனேட் சுவாசத்தில் சென்றால் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவே மூச்சுத் திணறலைத் தூண்டும். தீங்கு தரும் அளவில் அது காற்றில் இருந்தாலும் மூக்குக்கு வாசனை தெரியாமல் போகலாம் என்பதால், முகமூடியின் வடிகட்டி தீர்ந்துவிட்டதை நுகர்ந்து அறிய முடியாது. துணி முகமூடியும் தூசி முகமூடியும் இதற்குச் சற்றும் போதா. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசமே இதற்குரிய பாதுகாப்பு என்று தொழிற்சாலை நடைமுறைகள் வலியுறுத்துகின்றன. கையுறை, கண்ணாடி, முழுக்கை உடை ஆகியவையும் கட்டாயம். குழந்தைகளும் அண்டை வீட்டாரும் நடமாடும் இடத்திலோ, மூடிய அறையிலோ, அடுப்பு எரியும் இடத்துக்கு அருகிலோ இதைத் தெளிக்கவே கூடாது. இந்த ஏற்பாடுகளைச் செய்ய இயலாதவர், நிறத்தைத் தாமே அடித்துக்கொண்டு, கிளியரை மட்டும் பெயிண்ட் பட்டறையில் அடித்து வாங்குவது நல்லது. அப்போதும் செலவில் பெரும்பகுதி மிச்சமாகும், ஏனெனில் பட்டறைக் கூலியில் பெரும்பங்கு தேய்ப்பதற்கும் தயார்செய்வதற்குமே போகிறது.

ஒரு டப்பா ஒரு சதுர மீட்டரைச் சற்று தாண்டிய பரப்புக்கே போதும் என்பதால், மோட்டார் சைக்கிளுக்கும் காரின் ஒற்றைப் பம்பருக்கும் இது பொருத்தமான பொருள். முழுக் காருக்கும் டப்பா டப்பாவாக வாங்குவது வீண்செலவு, பூச்சும் ஒரே சீராக அமையாது. அதற்குக் கம்பிரஸரையும் துப்பாக்கியையும் வாடகைக்கு எடுத்து, தனித்தனியாக விற்கும் கிளியரையும் ஹார்டனரையும் அளந்து கலப்பதே சிக்கனம். டேங்குக்கு அடித்தவர்கள், தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே பெட்ரோல் நிரப்பிவிடாமல், டப்பாவில் குறிப்பிட்டுள்ள முழு இறுகும் காலம் முடியும்வரை பொறுக்க வேண்டும். குளிரான காலநிலையில் அதற்கும் மேலாகச் சில நாட்கள் தேவைப்படும்.