கீழே சொட்டாமலே குறைந்த கூலன்ட்

எங்கள் வீட்டு வண்டி 2011 மாடல் டீசல், ஏழு பேர் உட்காரலாம். கைமாறி வந்தது, வாங்கும்போதே மீட்டர் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. சொல்லப்போகும் கோளாறுகள் அந்த வயதுடைய எந்த டீசல் வண்டிக்கும் வரக்கூடியவை என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். சேலத்தில் குடியிருந்து ஏற்காட்டில் உறவினர்களை வைத்திருப்பவர்களுக்கு மலைப்பாதை சுற்றுலா அல்ல, வழக்கமான போக்குவரத்து. அதன் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே கழியும். வண்டியின் உடம்பில் என்ன இருக்கிறது என்பதை அந்த ஏற்றம் ஒளிவுமறைவில்லாமல் காட்டிவிடும்.

முதல் அறிகுறி சூடு இல்லை. ரிசர்வாயர் டப்பாவில் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் கலவை, மெல்ல மெல்லக் கீழ்க்கோட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஊற்றினால் சில வாரங்களில் மறுபடி குறையும். வண்டி நிற்கும் இடத்தில் தரை காய்ந்தே கிடந்தது. ஏசி போட்டு வந்த பிறகு முன்பக்கம் சொட்டும் தண்ணீரைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது, நிறமோ பிசுபிசுப்போ இருக்காது. கூலன்ட் என்றால் விரலில் வழவழக்கும், லேசாக இனிப்பு வாடை அடிக்கும். நாக்கில் வைத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்: அதில் இருப்பது எத்திலீன் கிளைக்கால், நஞ்சு. சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்; தெருநாய்கள் அந்த இனிப்புக்காகவே நக்கும்.

முதலில் காட்டிய பட்டறையில் கிடைத்த யோசனை: “தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம் சார், நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு?” இந்த வாக்கியத்தைத் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் கேட்கலாம். எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வருகிறது. குளிர் நாட்டுக்காரர்களுக்கு மட்டும் வைத்த பொருள் அல்ல அது. எஞ்சின் ஏறத்தாழ 80 டிகிரிக்கு மேல் சூடாகும்வரை தண்ணீரை, அதை ஆறவைக்கும் ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்து வைத்து, பிறகு தேவைக்கேற்பத் திறந்துவிடும் கதவு. கழற்றிவிட்டால் எஞ்சின் எப்போதும் அரைகுறைச் சூட்டிலேயே ஓடும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியிலேயே சுற்றி, சூடு இன்னும் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் தண்ணீர் குறைவது எப்படி நிற்கும்?

அடுத்து வந்தது பெரிய குண்டு. “ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். எஞ்சினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.” எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவே எரிப்பு வாயுவும் தண்ணீரும் கலக்காமல் அடைக்கும் தகடு அது; போயிருக்கவும் கூடும்தான். ஆனால் பிரிப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்ததுபோல் வெளுத்த படிவு இல்லை. எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை தொடரவில்லை. இரவு முழுவதும் ஆறிய வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ரேடியேட்டரின் மேல் ரப்பர் குழாயான ஹோஸைப் பிடித்தால் தளர்வாகவே இருந்தது. எரிப்பு வாயு உள்ளே புகுந்திருந்தால் காலையிலும் விறைப்பாக இருந்திருக்கலாம். கடைசியாக நீல திரவச் சோதனை. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து அங்கிருக்கும் காற்றை அந்த திரவத்தின் வழியே உறிஞ்சுவார்கள். கரியமில வாயு கலந்திருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். எங்களுக்கு நீலம் நீலமாகவே நின்றது. சில நிமிட வேலை, ஒரு பெரிய செலவைத் தள்ளிவைத்தது.

உண்மையான தடயம் கிடைத்தது பிரஷர் டெஸ்டில். கைப்பம்பு போன்ற கருவி. ரேடியேட்டர் மூடியின் இடத்தில் பொருத்திக் காற்றடிக்க வேண்டும். எவ்வளவு என்பது மூடியிலேயே அச்சிட்டிருக்கும், எங்கள் வண்டியில் 1.1 பார் அழுத்தம். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை, குக்கர் வெயிட் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி பிடித்து வைக்கும் அழுத்தத்தில் அதே தண்ணீர் 120 டிகிரிவரை கொதிக்காமல் தாங்கும், பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே. ரப்பர் வாஷர் காய்ந்துபோன பழைய மூடி இந்த அழுத்தத்தைப் பிடிக்காது. சில நூறு ரூபாய்ப் பொருள். பழைய வண்டி வாங்கியவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது என்பதற்கும் காரணம் இந்த அழுத்தம்தான். விட்டவுடன் உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்துக்கு வரும்.

சோதனையை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செய்யச் சொன்னேன். சூடாக இருந்தால் கசியும் சொட்டு உலோகத்தில் பட்டவுடன் ஆவியாகிவிடும், தரைக்கு வராது. காற்றடித்து விட்டபின் முள் மெதுவாக இறங்கியது. ஹோஸ் இணைப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு, ஹீட்டருக்குப் போகும் குழாய்கள், முன் இருக்கைக்குக் கீழே தரைவிரிப்பு எல்லாமே காய்ந்திருந்தன. எங்கும் ஒன்றும் தெரியாமல் போயிருந்தால் அடுத்த சந்தேகம் ஈஜிஆர் கூலர், அதாவது எஞ்சினுக்குள் திரும்பிப் போகும் புகையைக் கூலன்ட்டால் ஆறவைக்கும் பாகம். டீசல் வண்டிகளில் அது உள்ளுக்குள் ஓட்டையானால் கூலன்ட் நேராகப் புகையோடு போய்விடும். அதற்கு அவசியம் வரவில்லை. வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டின் மேல் உறையைக் கழற்றி டார்ச் அடித்தபோது, கூலன்ட்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை தெரிந்தது. அதைச் சுற்றி இளஞ்சிவப்பாகக் காய்ந்து படிந்த ஓர் உப்புக்கோடு, அதன் நுனியில் புதிதாக ஒரு சொட்டு.

அந்தத் துளை பழுது இல்லை, பம்பைச் செய்தவர்களே விடுவது. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் அந்த வழியாக வெளியே வந்து எச்சரிக்கட்டும் என்பதற்காக. எங்கள் வண்டியில் பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். அந்த எச்சரிக்கை உறைக்குள்ளேயே ஆவியாகிக்கொண்டிருந்தது. கூலன்ட் நனைத்த பெல்ட் எப்போது பல் நழுவும் என்று சொல்ல முடியாது, நழுவினால் வால்வும் பிஸ்டனும் மோதும். ஆகவே பம்போடு பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வழிநடத்தும் ஐட்லர் எல்லாவற்றையும் மாற்றினோம். பம்பை மட்டும் மாற்றிப் பணத்தை மிச்சம் பிடிப்பது இந்த இடத்தில் பொருந்தாது. பிரித்துப் பூட்டும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.

அதன் பிறகு அளவு குறையவில்லை. ஆனால் மலையில் சூடு அளவுக்கு மேல் ஏறுகிறது என்பதை, வண்டியின் கணினியிலிருந்து எண்களைக் கைப்பேசிக்கு அனுப்பும் ஓபிடி கருவிதான் காட்டிக்கொடுத்தது. டாஷ்போர்டு முள்ளை நம்பியிருந்தால் தெரிந்தே இருக்காது. பல வண்டிகளில் அந்த முள் ஓரளவு ஏற்ற இறக்கத்தைக் காட்டாமல் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள், அது நகரத் தொடங்கும்போது நிலைமை முற்றியிருக்கும். தண்ணீர் அடியோடு போய்விட்டால் சென்சார் வெற்று இடத்தில் நின்று, முள் இறங்கக்கூடச் செய்யும். கைப்பேசித் திரையில் எண் தெளிவாக வந்தது: நகர நெரிசலில் ஏசியோடு 90ஐ ஒட்டி, மலையில் பாதி ஏறியதும் 108.

இந்த வேறுபாடுதான் முக்கியம். நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் சூடேறி, ஓடும்போது தணிந்தால் குற்றவாளி மின்விசிறி, அதற்கு மின்சாரம் விடும் ரிலே, அல்லது விசிறியைச் சூட்டுக்கேற்ப எஞ்சினோடு இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங். பாரம் இழுக்கும்போது மட்டும் ஏறினால் ரேடியேட்டரால் வெப்பத்தைக் கடத்த முடியவில்லை. எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, விசிறி சுழலாத நேரத்தில் அகச்சிவப்பு வெப்பமானியை ரேடியேட்டரின் முகப்பில் வரிசையாகக் காட்டினோம். சீராகக் குறைந்துகொண்டே போக வேண்டிய எண், கீழ் மூலையில் திடீரென்று முப்பது டிகிரி சரிந்தது. அந்தக் குழாய்களில் தண்ணீரே ஓடவில்லை. முந்தைய உரிமையாளர் காலத்தில் போர்வெல் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். கழற்றியபோது உள்ளே இருந்தது, பழைய வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு. பித்தளை ரேடியேட்டராக இருந்தால் பட்டறையில் கம்பிவிட்டுக் குத்திச் சுத்தம் செய்து ஈயம் வைத்துத் தருவார்கள். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த இந்த வகையில் அந்த வைத்தியம் எடுபடாது. புதிது வாங்கினோம். இறக்கிய சாக்கில் பார்த்தால், ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மண்ணும் பூச்சி இறக்கையுமாக அடை அடையாக அப்பியிருந்தது. வெளியிலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் அது போகாது.

கோடையையும் கடந்துவிட்டது வண்டி. ஏசி போட்டுக்கொண்டு, எல்லா இருக்கையும் நிறைந்து ஏற்காடு ஏறும்போது இப்போது 97ஐத் தாண்டுவதில்லை. முன்பு ஒரு முறை சூடு ஏறியபோது ஏசியை அணைத்து ஹீட்டரை முழுவதுமாகத் திறந்தேன். எஞ்சின் வெப்பத்தில் ஒரு பங்கை அது உள்ளே இழுத்துக்கொள்ளும், ஓரமாக நிறுத்த இடம் தேடும்வரை உதவும் பழைய உபாயம். எஞ்சின் தணிந்தது. மே மாதத்தில் பின் இருக்கையில் இருந்த என் மாமியார் இன்னும் தணியவில்லை.

கூலன்ட் விஷயத்தில் நிறத்தை நம்ப வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் என்பதெல்லாம் தயாரிப்பவர் கலக்கும் சாயம். கையேட்டில் சொன்ன வகையா என்று டப்பாவின் பின்புறத்தில்தான் பார்க்க வேண்டும். அடர் கூலன்ட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரில் மட்டும் கலக்க வேண்டும். புதிதாக நிரப்பிய பின் ஹீட்டரைத் திறந்து வைத்து, விசிறி சுழன்று நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். குமிழி சிக்கிக்கொண்டால் எல்லாம் புதிதாக இருந்தும் சூடு ஏறும்.

மேல் ஹோஸ் மட்டும் இன்னும் பழையதுதான். அழுத்தினால் கிளிப் ஓரத்தில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. புதியதை வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன், அடுத்த சர்வீசில் மாட்டுவார்கள்.