ரீஃபண்டில் பத்து சதவீதம் கேட்கும் ‘ஆடிட்டர்’: கடலூர், புதுச்சேரி சம்பளக்காரர்கள் கவனத்துக்கு

கடலூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவருக்கு நடந்ததை அவர் சம்மதத்தோடு எழுதுகிறோம். பெயர் வேண்டாம், கணக்கு போதும்.

2024-25 நிதியாண்டு, பழைய வரி முறை. சம்பளம் 9,00,000. நிலையான கழிவு 50,000, பி.எஃப்., எல்.ஐ.சி. சேர்த்து 80சி என்ற சேமிப்புக் கழிவில் 1,00,000. மீதி 7,50,000. அதற்கு வரி 62,500; செஸ் 4 சதவீதத்தோடு 65,000. கம்பெனி அதைச் சம்பளத்திலேயே டிடிஎஸ்ஸாக (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்துக் கட்டிவிட்டது. அவருக்குப் பாக்கியும் இல்லை, பழைய முறையில் திரும்ப வரவேண்டியதும் இல்லை.

கூட வேலை பார்ப்பவர் சொன்னாரென்று ஒரு ‘ஆடிட்டரிடம்’ போனார். ஃபார்ம் 16 (சம்பளமும் பிடித்த வரியும் காட்டி கம்பெனி தரும் சான்று), பான், ஆதார் நகல், கேட்கும்போது ஓடிபி, அவ்வளவுதான். 65,000 முழுவதும் வங்கிக் கணக்குக்கு வந்தது. 6,500 ரொக்கமாக வாங்கிக்கொண்டார்கள், ரசீது கிடையாது.

இது எப்படி வந்தது? பழைய முறையில் வரிக்குரிய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 87ஏ தள்ளுபடியில் வரி பூஜ்யம். ஆகவே 7,50,000-இல் 2,50,000 குறைய வேண்டும். அரசியல் கட்சிக்கு நன்கொடை என்று 80ஜிஜிசி-யில் 1,50,000, கல்விக்கடன் வட்டி என்று 80இ-யில் 75,000, மருத்துவக் காப்பீடு என்று 80டி-யில் 25,000 ஏற்றியிருக்கிறார்கள். இவர் எந்தக் கட்சிக்கும் பணம் கொடுத்ததில்லை. கல்விக்கடனும் இல்லை. ஆனால் ரிட்டர்னின் உறுதிமொழியில் இருப்பது இவர் பெயர், இவர் ஓடிபி. போட்டுக் கொடுத்தவரின் பெயர் அதில் எங்குமே இல்லை.

இதைவிடக் கொடுமை, இவருக்கு நேர்மையாகவே ரீஃபண்டு இருந்தது. கம்பெனி எந்த முறையில் பிடித்திருந்தாலும், சம்பளக்காரர் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போடும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம். அந்த ஆண்டுக்குப் புதிய முறையில் 80சி கழிவு கிடையாது; நிலையான கழிவு 75,000 போக 8,25,000. வரி 32,500, செஸ்ஸோடு 33,800. ஒரு பொய்யும் சொல்லாமல் 31,200 திரும்ப வந்திருக்கும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஒரு மனிதரைப் பொய்க் கணக்கில் மாட்டிவிட்டதை மன்னிக்கவே முடியாது.

சிக்கல் வெளியே வந்தது இமெயிலில்தான். ரிட்டர்னில் இருந்த மின்னஞ்சல் முகவரி இவருடையதே அல்ல. புதிதாக ஒன்றைத் தொடங்கி, ரிட்டர்ன் போட்டதும் கைவிட்டுவிட்டார்கள். துறை அனுப்பும் கடிதமெல்லாம் யாரும் திறக்காத பெட்டிக்குப் போகும். 2025 ஜூலை 14-இல் நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடத்தியபோது வருமான வரித்துறையே இந்த உத்தியைக் குறிப்பிட்டுச் சொன்னது. பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது.

வருமான வரித்துறையின் இ-ஃபைலிங் போர்ட்டலில் உங்கள் ரிட்டர்னை இன்றே பாருங்கள். பாஸ்வேர்டு தெரியாவிட்டால் ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ போய் ஆதார் ஓடிபி மூலம் மாற்றலாம். உள்ளே போனதும் முதல் வேலை, ‘மை புரொஃபைல்’-இல் மொபைலும் இமெயிலும் உங்களுடையவைதானா என்று பார்த்து மாற்றுவது. பிறகு ‘இ-ஃபைல்’, ‘இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ஸ்’, ‘வியூ ஃபைல்டு ரிட்டர்ன்ஸ்’. அங்கே ‘டவுன்லோட் ரிசீப்ட்’ போதாது. அந்த ஒரு பக்க ஒப்புகையில் மொத்த வருமானமும் ரீஃபண்டும் இருக்கும், எந்தக் கழிவு எவ்வளவு என்று இருக்காது. பலருக்கு அந்த ஒரு தாளைக் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். ‘டவுன்லோட் ஃபார்ம்’ எடுத்து, 80-இல் தொடங்கும் ஒவ்வொரு வரியையும் ஃபார்ம் 16-ஓடு ஒப்பிடுங்கள். ஃபார்ம் 16-இல் இல்லாத கழிவு இருந்தால் அதற்கு உங்கள் கையில் ரசீது இருக்க வேண்டும். ‘பென்டிங் ஆக்‌ஷன்ஸ்’-இல் ‘இ-புரொசீடிங்ஸ்’ திறந்து நோட்டீஸ் ஏதும் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டு வாடகையையும் விடாதீர்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் தர வேண்டும். அங்கே யாருடைய பான் எண்ணையோ போட்டுவிடுவார்கள். கேள்வி அவருக்கும் போகும். சொந்த வீட்டில் இருப்பவருக்கு வாடகைக் கழிவு கேட்டிருந்தால் அது பொய்தான்.

எங்கள் ஊர்ப் பக்கம் ரிட்டர்ன் போடுகிற எல்லோரையும் ஆடிட்டர் என்றே கூப்பிடுகிறோம். உண்மையான சார்ட்டர்டு அக்கவுண்டண்டுக்கு உறுப்பினர் எண் உண்டு. கேளுங்கள், தயங்காமல் சொல்வார். ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்க அவர்கள் தொழில் விதியிலேயே இடமில்லை. சதவீதம் என்ற பேச்சு வந்தாலே எழுந்து வந்துவிடுங்கள்.

மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி இருக்கிறது. 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு (அதாவது 2024-25 நிதியாண்டின் வருமானத்துக்கு) ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம். 2027 மார்ச் 31-க்குள் போட்டால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம் கூடுதல். அதற்கு அடுத்த ஆண்டு என்றால் 50. இவர் கணக்கைப் பழைய முறையிலேயே வைத்துப் பார்த்தால் 65,000, அதன்மேல் 16,250, பிறகு வட்டியும் அந்த வட்டியில் 25 சதவீதமும். துறையே பிடித்து, வருமானத்தைத் தவறாகக் காட்டியதாக முடிவுசெய்தால் 270ஏ பிரிவில் அபராதம் மட்டும் வரியைப் போல் இரண்டு மடங்கு, 1,30,000. நோட்டீஸ் வந்திருந்தால் ஐடிஆர்-யு-வை நீங்களாகப் போடாமல் தகுதியுள்ள ஒருவரிடம் நோட்டீஸைக் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

பணத்தை ‘இ-பே டாக்ஸ்’-இல் முதலில் கட்டி, சலான் விவரத்தைப் படிவத்தில் போட வேண்டும். ஒரு மதிப்பீட்டு ஆண்டுக்கு ஐடிஆர்-யு ஒரு முறைதான். ஆகவே ஃபார்ம் 16, 26ஏஎஸ் (உங்கள் பெயரில் கட்டிய வரியின் விவரம்), ஏஐஎஸ் (துறையிடம் உள்ள உங்கள் வருமான விவரம்) மூன்றையும் ஒப்பிட்டுவிட்டு, பொய்க் கழிவுகளை மொத்தமாக எடுத்துவிடுங்கள். பாதியை மட்டும் எடுத்தால் மறுபடி திருத்த வழி இருக்காது. போர்ட்டலில் எங்காவது தடுமாறினால் வருமான வரித்துறையின் இலவச எண் 1800 103 0025.